தேய்த்துக் கொடுத்த பணியாரக் கல்

ராமுத்தாயின் பணியாரக் கல் கறுப்பு என்றால் அப்படியொரு கறுப்பு. பன்னிரண்டு குழி, கனமான வார்ப்பிரும்பு, இரண்டு பக்கமும் காது. பத்தொன்பது வருடமாக எண்ணெயும் மாவும் நெருப்பும் ஏறி ஏறி வெளியே விரல் கனத்துக்குக் கரி கட்டியிருந்தது. குழிகளின் உள்ளே மட்டும் வழுவழுவென்று மின்னும். மாவை ஊற்றிக் கொஞ்சம் பொறுத்தால் பணியாரம் தானாகக் கழன்று நிற்கும், கம்பியால் ஒரு தட்டுத் தட்டினால் புரண்டு படுக்கும். காரைக்குடிச் சந்தைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் இவளிடம் நின்று நாலைத் தின்றுவிட்டுத்தான் காய்கறிப் பக்கம் போவார்கள். அவள் அதைத் தன் கைப்பக்குவம் என்று நம்பிக்கொண்டிருந்தாள். வினை அந்த நம்பிக்கையில்தான் இருந்தது.

அந்தக் கல் அவளுக்குச் சீர்வரிசையில் வந்ததல்ல. புருஷன் ஆண்டியப்பன் பழைய வீடு உடைக்கிற வேலைக்குப் போன காலத்தில், ஒக்கூரில் ஒரு வீட்டு அடுப்படி இடிபாட்டுக்குள் கிடந்தது. தேக்குத் தூணும் நிலைக்கண்ணாடியும் வியாபாரிகளோடு லாரி ஏறிப் போய்விட்டன, இதை ஒருத்தரும் சீண்டவில்லை. அன்றைய கூலியில் ஐம்பது ரூபாயைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தூக்கி வந்தான். அடுத்த வருடமே ஒரு சுவர் அவன் முழங்கால் மேல் விழுந்தது. அதிலிருந்து அவன் வீட்டோடு சரி, அவள் சந்தை வாசலோடு சரி.

இப்போது சந்தை வாசலுக்குச் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டார்கள். தளம் போட்ட கையோடு, தரையில் அடுப்பு வைக்கக்கூடாது என்று குத்தகைக்காரர் முத்தரசு சொல்லிவிட்டார். ஒன்றாம் தேதியிலிருந்து தள்ளுவண்டி வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இடம்.

"வண்டியோட வா, ஒன் எடம் ஒனக்கு. இல்லையின்னா நான் என்ன செய்ய? கேட்டுக்கிட்டு நாலு பேரு நிக்கிறாக" என்றார் அவர். அவரைப் பாவி என்று சொல்லிவிட முடியாது. எல்லாரிடமும் அதையேதான் சொன்னார்.

கழனிவாசல் பக்கம் ஒரு பழைய வண்டி பன்னிரண்டாயிரத்துக்கு நின்றது. ராமுத்தாயின் கையில் பன்னிரண்டாயிரம் ஒருசேர என்றைக்கும் இருந்ததில்லை. தேதி பதினேழு.

அந்தப் பதினேழாம் தேதி, புதன்கிழமை காலையில்தான் ஹேமாவதி அந்த வெள்ளைக்காரம்மாவைக் கூட்டிவந்தாள். ஹேமாவதி பத்தர் வீட்டுப் பெண், ஆனால் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கானாடுகாத்தான் விடுதிகளில் வந்து தங்குகிறவர்களைக் காலையில் சந்தைக்குக் கூட்டிவந்து பலகாரம் வாங்கிக் கொடுப்பாள், வெயில் ஏறியதும் பழைய சாமான் கடைத் தெருவுக்கு நடத்திப்போவாள். தின்பதும் பழசு பார்ப்பதுமாக மூன்று மணி நேரம். ராமுத்தாயின் பணியாரம் அதில் முதல் நிறுத்தம்.

வந்தவள் பெயர் க்ளேர் என்றாள் ஹேமாவதி. பிரான்சுக்காரி, அறுபது வயதிருக்கும், இன்னும் பத்து நாள் இங்கேதான் இருப்பாளாம். நாலு பணியாரம் தின்றாள், இன்னும் நாலு கேட்டுத் தின்றாள். அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லையே பார்த்தாள். கைப்பேசியில் நாலாபக்கமும் நின்று படம் எடுத்தாள். காதின் மேல் படிந்திருந்த கரியை ஒரு விரலால் தடவி, விரலைப் பார்த்துக்கொண்டே ஏதோ நீளமாகப் பேசினாள். ராமுத்தாய்க்கு உடம்பு கூசிப்போய்விட்டது. இத்தனை வருடத்தில் அடுப்படி அழுக்கை விரல் வைத்து யாரும் பார்த்ததில்லை.

அவ்வளவு நீளப் பேச்சை ஹேமாவதி ஒரே மூச்சில் தமிழாக்கினாள். "அக்கா, இந்தக் கல்லக் கேக்குறாக. பதினஞ்சாயிரம் தாராகளாம்."

ராமுத்தாய் கம்பியைக் கீழே வைத்தாள். வண்டி, வண்டி போக மூவாயிரம், அதில் புதுக் கல் ஒன்று. இரும்புதானே, ஊரில் பாத்திரக் கடைக்கா பஞ்சம், மாவு அதே மாவு, கை அதே கை. கணக்குத் தானாக ஓடி முடிந்துவிட்டது.

"இப்புடிக் கரியா கெடக்கேம்மா" என்றாள்.

"பிடிச்சுத்தேன் கேக்குறாக. சனிக்கிழம பணத்தோட வாரோம், எடுத்து வையி" என்று சொல்லிவிட்டு ஹேமாவதி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அடுத்த நிறுத்தத்தில் காப்பி சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு பாத்திரம் நம் வாசலைத் தாண்டி இன்னொரு வீட்டுக்குப் போகிறதென்றால், தேய்த்துக் கழுவித்தான் போகவேண்டும். இது ராமுத்தாய்க்கு யாரும் சொல்லிக் கொடுத்துத் தெரிந்ததில்லை, குளிக்காமல் கோயிலுக்குப் போகக்கூடாது என்பது மாதிரி தெரிந்தது. அவள் தெருவில் ஒருத்தி, இரவல் வாங்கிய குண்டானை அடிக்கரியோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அவள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அதைச் சொன்னார்கள். அப்படியிருக்க, பதினைந்தாயிரம் கொடுத்துக் கடல் தாண்டிக் கொண்டுபோகிற ஒருத்திக்கு இந்தக் கோலத்திலா கொடுப்பது?

வெள்ளிக்கிழமை வியாபாரம் முடிந்து பதினோரு மணிக்கு ஆரம்பித்தாள். முதலில் விறகைக் கொளுத்திக் கல்லைக் கவிழ்த்துப் போட்டுக் கரியை எரியவிட்டாள். இளகிய கரியை அரிவாள்மணையின் முனையால் பெயர்த்தாள். பாளம் பாளமாக வந்தது. புளியைக் கரைத்து ஊற்றி ஊறவைத்தாள். ஆண்டியப்பன் உட்கார்ந்த இடத்திலேயே செங்கல்லை இடித்துத் தூளாக்கித் தந்தான். அவனுக்கும் சந்தோஷம்தான், கல்லைக் கொண்டுவந்தவன் அவன்தானே. செங்கல்தூள், சாம்பல், தேங்காய் நார், பிறகு சோடா உப்பு, மறுபடியும் புளி. மூன்று மணிக்கு அவள் நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது, புடவையில் துடைத்துக்கொண்டு தேய்த்தாள். வெளிப்பக்கம் வெளுத்ததும் குழிகள் மட்டும் மஞ்சளும் கறுப்புமாகப் பல்லிளித்தன. ஒவ்வொரு குழியிலும் கட்டைவிரலைக் கொடுத்துத் திருகித் திருகித் தேய்த்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் கல் சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தது. ஓரத்துக் குழியின் விளிம்பில் ஒரு சின்ன மூளி இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை நாளும் அதைக் கரி மூடியிருந்திருக்கிறது.

பக்கத்துக் கடையில் இடியாப்பம் விற்கிற ரஹீமா மாவு சலிக்கிற சல்லடையைக் கேட்டு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன் ராமுத்தாயி, குழியையுமா தேச்ச?"

"பின்ன, பாதி அழுக்கோடயா குடுப்பாக?"

"இனி இதுல ஒரு பணியாரம் எந்திரிக்குமா?"

"அது அவுக பாடு. அவுக ஊருல போயி எண்ணெய் காட்டிப் பழக்கிக்கிருவாக."

ரஹீமா சல்லடையை வாங்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை ராமுத்தாய் வெளுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, கல்லை ஒரு புதுத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். க்ளேர் வந்தாள். கையில் பணக் கவர் இருந்தது. துண்டைப் பிரித்ததும் அந்த முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது. கல்லைத் திருப்பினாள், திருப்பிப் பார்த்துவிட்டுக் கைப்பேசியை எடுத்துப் பழைய படத்தைக் காட்டினாள். படத்தில் இருந்தது கன்னங்கரேல் என்று ஒன்று. மடியில் இருந்தது நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி ஒன்று.

ஹேமாவதி குரலைத் தணித்துக்கொண்டாள். "ஏக்கா, என்ன வேல பாத்து வச்சிருக்க? புதுசா ஒன்ன வாங்கியாந்து தலையில கட்டப் பாக்குறன்னு சொல்றாக."

"ஆத்தாடி, அதேதேன் இது. நேத்துப் பூராத் தேச்சேன். கையப் பாரு" என்று ராமுத்தாய் கையை விரித்துக் காட்டினாள். கட்டைவிரல் இரண்டும் தோலுரிந்து கிடந்தன. "குழிய எண்ணச் சொல்லு. பன்னெண்டு. காதப் பாக்கச் சொல்லு. இந்தா, ஓரத்துல மூளி."

க்ளேர் படத்தைப் பெரிதாக்கி ஓரத்துக் குழியைத் தேடினாள். அதில் மூளியைக் காணோம். கரி இருந்தது. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. ஏமாற்றுக்காரர்கள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள் என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவரைப் பைக்குள் வைத்தாள்.

"அவுகளுக்கு அந்தக் கறுப்புதேன்க்கா வேணும். அதுதேன் பழசுக்கு அடையாளமாம். அத்தன வருசத்துச் சமையலும் அந்தக் கரியிலதேன் இருக்குன்னு அன்னைக்கே அவ்வளவு நேரம் சொன்னாக" என்றாள் ஹேமாவதி.

"எனக்குச் சொல்லலையே நீ."

"அது ஒனக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு ஹேமாவதி கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் க்ளேரைக் கூட்டிக்கொண்டு பக்கத்தில் ரஹீமாவிடம் போய் இரண்டு இடியாப்பம் சொன்னாள். ரஹீமா இந்தப் பக்கம் பார்க்காமலே வைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே கல்லை அடுப்பில் ஏற்றினாள் ராமுத்தாய். வேறு வழி? மாவு அதே மாவு, கை அதே கை. பணியாரம் எழவில்லை. கம்பியால் தட்டினாள், குத்தினாள், நெம்பினாள். அடிப்பாதி குழியோடு நின்றுகொள்ள, மேல்பாதி பிய்ந்து வந்தது. எண்ணெயைக் குளம் மாதிரி ஊற்றிப் பார்த்தாள். இரும்பு வாடை அடித்தது. வாடிக்கைக்காரர் ஒருவர் இலையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "என்னத்தா, உப்புமாவா?" என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். திங்கட்கிழமை வாரச்சந்தை, கூட்டம் நெரிந்த நாள், அன்றைக்கும் பாதி மாவு மிஞ்சிப் புளித்தது. புதன்கிழமை ஹேமாவதி வேறு நாலு பேரோடு வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, "ஒட்டாம வரட்டும்க்கா, பெறகு கூட்டியாரேன்" என்று சொல்லி நடந்தாள். பத்தொன்பது வருடம் பக்குவம் கையில் இல்லை, கல்லில் இருந்தது என்பது ராமுத்தாய்க்கு நாலே நாளில் விளங்கிவிட்டது. அதையும் அவள் கையாலேயே சுரண்டிக் குப்பையில் கொட்டியிருந்தாள். அன்றைக்கு அவள் வீட்டில் சோறாக்கவில்லை. ஆண்டியப்பன் கேட்கவும் இல்லை.

தேதி இருபத்து நாலு ஆகியிருந்தது. கல்லைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு பழைய சாமான் கடைத் தெருவுக்குப் போனாள்.

அங்கே ஸ்ரீதர் கடைதான் பெரிது. ஆசாரி வீட்டுப் பிள்ளை. உளி பிடித்ததில்லை, வாய்தான் அவனுக்கு உளி. கடைக்குள் பீங்கான் சாடிகள், நின்றுபோன கடிகாரங்கள், யாரோ வீட்டுக் கல்யாணப் படங்கள் எல்லாம் கூரை வரைக்கும் ஏறியிருந்தன. கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. சாமான்களுக்கு வயசு ஏறுவது அங்கேதான்.

ஸ்ரீதர் கல்லைப் புரட்டிப் பார்த்தான். கதையை முழுக்கக் கேட்டான். கேட்டு முடித்ததும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, கறுப்பாக்கத்தேன் நான் ஆளுக்குச் சம்பளம் குடுக்குறேன். நீங்க இருந்த கறுப்பத் தேச்சுப்புட்டு வந்து நிக்கிறீக."

"ஒரு வெல சொல்லுங்க தம்பி."

"இரும்பு வெலைக்குன்னா ஆயிரம் தேறாது. நான் நாலாயிரம் தாரேன். அந்தம்மா வாங்கிட்டாகன்னா இன்னும் எட்டு."

"எந்தம்மா?"

"அதே வெள்ளக்காரம்மாதேன். ஹேமா வெள்ளிக்கிழம இங்குட்டுத்தான கூட்டியாருது. நீங்க ஒன்னும் பொய் சொல்ல வேணாம். அவுக கேட்டா, நான் பணியாரம் சுட்ட கல்லு இதுதேன்னு சொல்லணும். இதுதேன அது?"

"இதுதேன்."

"பெறகென்ன."

நாலும் எட்டும் பன்னிரண்டு. ராமுத்தாய் வேறெதையும் யோசிக்க விரும்பவில்லை. நாலாயிரத்தை வாங்கி நேரே வண்டிக்காரனிடம் முன்பணமாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டாள். ஸ்ரீதர் அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினான். கல் மறுபடியும் கன்னங்கரேல் என்று இருந்தது. ஆசிட் ஊற்றித் துருவேற்றி, பழைய பேட்டரிக்குள் இருக்கிற கரியைக் கோந்தில் குழைத்துப் பூசி, சூடு காட்டி, அதன்மேல் பூட்ஸ் பாலிஷாம். மூளி விழுந்த குழியைக்கூட அடைத்துவிட்டான். மூக்கைத் துளைக்கிற வாடை. அதற்கும் மருந்து வைத்திருந்தான், மேலே கொஞ்சம் நல்லெண்ணெயைத் தடவினான்.

"இதுல சமைச்சா?" என்றாள் ராமுத்தாய்.

"யாரு சமைக்கப் போறா? சுவத்துல மாட்டுவாக" என்றான் அவன்.

க்ளேர் உள்ளே வந்து கல்லைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். கைப்பேசிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். காது, கரி, பன்னிரண்டு குழி. அப்புறம்தான் மூலையில் நின்ற ராமுத்தாயைப் பார்த்தாள். பார்த்ததும் தனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். ஹேமாவதியிடம் என்னவோ கேட்டாள்.

"அக்கா, நீ பணியாரம் சுட்ட கல்லு இதானான்னு கேக்குறாக. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

ஸ்ரீதர் ஒரு கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். எட்டாயிரம் அவன் சட்டைப் பையில் புடைத்துக்கொண்டு தெரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய், ஒன்றாம் தேதி இடமும் போகும். ஆமாம் என்று சொன்னால் உண்மை, அந்த உண்மையைச் சொன்ன நிமிஷத்திலிருந்து அவள் ஏமாற்றுக்காரி. ஒருத்திக்கு வரக்கூடாத சங்கடம் இது. யாரிடம் சொல்லி அழ?

"ஆமா. இதுதேன்" என்றாள் ராமுத்தாய்.

க்ளேர் அவள் தோளில் கைவைத்து, குழந்தைக்குச் சொல்வது மாதிரி நிதானமாகப் பேசினாள். ஹேமாவதி தமிழில் சொன்னாள். "அசலை இங்குட்டு வித்துப்புட்டு அன்னைக்கு ஒனக்கொரு புதுசக் கொண்டாந்த. இல்லாத கொடுமையிலதேன் செஞ்சிருப்ப, அவுக மனசுல வச்சுக்கிறலையாம். மன்னிச்சிட்டாகளாம்." இந்தத் தடவை ஒரு வார்த்தையும் விட்டுப்போகாமல் சொன்னாள்.

பணம் கைமாறியது, எவ்வளவு என்று ராமுத்தாய் பார்க்கவில்லை. ஸ்ரீதர் அவளுக்குரியதை எடுத்துக் கொடுத்தான், சொன்ன சொல் தவறவில்லை. கல்லை இவள் கையில் கொடுத்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். உள்ளங்கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. அப்போது குழிகள் மூக்குக்குப் பக்கத்தில் இருந்தன. நல்லெண்ணெய்க்கு அடியில் அந்த வாடை அப்படியே இருந்தது.

அவளால் பொறுக்க முடியவில்லை. என்னதான் சொன்னாலும் எட்டுப் பணியாரம் கேட்டு வாங்கித் தின்றவள்.

"ஏம்மா ஹேமா, இதுல ஒன்னும் சுட்டுத் தின்னுற வேணாம்னு சொல்லும்மா. வயித்துக்குச் சேராது. சுவத்துல மாட்டிக்கிறச் சொல்லு."

ஹேமாவதி ஸ்ரீதரைப் பார்த்தாள். ஸ்ரீதர் கடிகாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் க்ளேரின் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னாள்.

க்ளேரின் முகம் மலர்ந்தது. மாவு ஊற்றுகிற மாதிரி கையைச் சாய்த்தாள், கம்பியால் புரட்டுகிற மாதிரி செய்தாள், ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்காட்டினாள். அதைப் புரிந்துகொள்ள ராமுத்தாய்க்கு இங்கிலீஷ் வேண்டியிருக்கவில்லை.

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு வார்த்தைதான். கல்லைக் காட்டி, வயிற்றைத் தொட்டு, கையை ஆட்டி, "நோ, நோ" என்றாள்.

அந்த நேரம் பார்த்து க்ளேர் பையிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று கூச்சப்படுகிறாள் என நினைத்துக்கொண்டாள். அவளுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. ராமுத்தாயின் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக விரித்து, தாளை உள்ளே வைத்து மூடினாள்.

"வாங்கிக்கக்கா, ஆசையாக் குடுக்குறாக" என்றாள் ஹேமாவதி.

அவர்கள் மூன்று பேரும் காருக்குப் போனார்கள். கல்லைச் செய்தித்தாளில் சுற்றி ஸ்ரீதரே தூக்கிப்போனான். ராமுத்தாய் கடை வாசலில் நின்று கையைத் திறந்து பார்த்தாள். தாளின் மேல் அவளுடைய கட்டைவிரல் ரேகை கறுப்பாக, வரி வரியாகப் பதிந்திருந்தது. புடவையில் தேய்த்தாள். அது போகவில்லை.